காய்ச்சலை எண்ணியவர்கள்



சென்ற வாரம் இந்தத் தொடரில் எமது பகுதியின் வட்டைக் கவிகளைப் பற்றிப் பேசினேன். காவற் பரணில் படுத்திருக்கும் மச்சானை நினைத்து ஊரிலிருக்கும் மச்சி பாடுகிற கவிகள் அவை. பேச்சைக் கேட்ட நேயர் ஒருவர் எழுதியிருந்தார்: “யானையைச் சொன்னீர்கள், பன்றியைச் சொன்னீர்கள், பனியைச் சொன்னீர்கள். பரணில் கிடந்தவனை உண்மையில் கடித்த நுளம்பை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!” நியாயமான குறைதான். இந்த வாரம் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சாகாமம் என்ற பெயரைக் கேட்டால் வெளியூர் நண்பர்கள் சிலருக்குச் சிரிப்பு வரும். “அப்படியென்றால் அங்கே போனவர்கள் சாகமாட்டார்களோ?” என்பார்கள். பெயருக்கு வேர் எது என்ற ஆராய்ச்சிக்குள் நான் இறங்கப் போவதில்லை. அக்கரைப்பற்றிலிருந்து சாகாம வீதியைப் பிடித்துத் தெற்கே உட்புறமாகப் போனால் ஒரு பழைய குளம், அதன் கீழே வயல், அதற்கும் அப்பால் காடு. கடற்கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் இருந்து அந்த வட்டைக்குப் போய் வந்த குடும்பங்கள் பல. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாரிப்போகம் கதிராகி நின்ற நாட்களில், என் மூத்த காக்கா அங்கேதான் காய்ச்சல் கண்டு மௌத்தானார். நான் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. அவருக்கு அப்போது இரண்டு வயது. இரண்டு வயதுப் பிள்ளையை ‘அவர்’ என்று சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு மூத்தவரல்லவா, வேறு எப்படிச் சொல்வது?

வாப்பா குளத்தின் கீழே இரண்டு ஏக்கர் குத்தகைக்குச் செய்தார். கதிர் பால்பிடித்தால் இரவுக் காவல் இல்லாமல் முடியாது. வரம்போரத்தில் ஒரு புரை கட்டியிருந்தார்கள். காட்டுக் கம்பு நட்டு, மேலே இலுக்கு வேய்ந்து, பக்கங்களில் இடுப்பளவுக்கு மண் அப்பிய புரை. அதற்கு மேலே வெறும் வெளி. அந்த வருஷம் உம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே தங்கினார். பத்துப் பன்னிரண்டு நாளில் பிள்ளைக்கு நடுக்கம் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றில்லாமல் தொடர்ந்து கொதித்ததாம். மாட்டு வண்டியில் அக்கரைப்பற்றுக்குக் கொண்டுவருகிற வழியில் முடிந்துவிட்டது.

உம்மாவுக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது. மம்மல் நேரத்தில் பிள்ளையைக் குளத்தில் குளிக்க வார்த்தாராம். மூத்தம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். அந்தத் தண்ணீரின் குளிர்தான் பிள்ளையைப் பிடித்தது என்று அவர் முடிவு செய்துவிட்டார். பிறகு நாங்கள் ஆறு பேர் பிறந்தோம். எங்களில் ஒருவரையாவது அஸருக்குப் பிறகு குளிக்க விட்டதில்லை. பெரியவனாகி, உத்தியோகம் பார்த்து, எனக்குப் பிள்ளைகள் பிறந்த பின்னும், பின்னேரம் கிணற்றடிக்குப் போனால் உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்தக் கணக்குக்கு மறுகணக்கு ஒன்று கொழும்பு மருத்துவபீடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர 48 வருஷம் சென்றது.

1993இல் என் தங்கையின் மகன் அங்கே மாணவன். விடுமுறைக்கு வந்தபோது அழுக்குடுப்புகளோடு ஒரு கட்டுப் புகைப்படப் பிரதிகளும் கொண்டுவந்திருந்தான். அவர்களுக்குச் சமுதாய மருத்துவம் என்று ஒரு பாடம். பிணத்தை அறுத்துப் படிப்பதும், கட்டிலருகே நின்று படிப்பதும் நாம் கேள்விப்பட்டவை. இந்தப் பாடத்துக்குக் கட்டிலும் இல்லை, பிணமும் இல்லை. கையில் படிவத்தோடு வீடு வீடாகப் போக வேண்டும். “இதென்ன மனே, வைத்தியருக்குப் படிக்கிறியா, குடிசன மதிப்புக்குப் படிக்கிறியா?” என்று கேட்டேன். “ஆஸ்பத்திரியில ஒரு ஆள்ட நோயப் பாக்கிற மாமா. இதில ஊர்ட நோயப் பாக்கிற” என்றான்.

தமிழில் தொற்றுநோயியல் என்று எழுதுகிறோம். முழுப் பொருத்தமான சொல் என்று நான் சொல்லமாட்டேன். தொற்றாத நோய்களான இருதய நோயையும் புற்றுநோயையும்கூட இந்தக் கல்வி ஆராய்கிறது. கிரேக்க மூலச் சொல்லுக்கு ‘மக்கள் மேல் வந்தது’ என்பது போன்ற பொருள். யார்மேல் வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது, வராமல் விட்டது யாரை என்பவையே அதன் கேள்விகள். கடைசிக் கேள்விதான் முக்கியமானது என்று மருமகன் சொன்னான். நோயாளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் வைத்தியருக்கு அந்தக் கேள்வி எழாது.

1854இல் லண்டனில் கொலரா வந்தபோது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், புரோட் வீதிப் பகுதியில் எந்த வீட்டில் எத்தனை சாவு என்று தேடிப் படத்தில் குறித்தார். சாவுகள் ஒரு தண்ணீர்ப் பம்பியைச் சுற்றிக் குவிந்திருந்தன. கொலராக் கிருமியை அவர் கண்ணால் காட்டவில்லை. வீடுகளை எண்ணியே வழியைக் கண்டார். மலேரியாவுக்கு வழி கிடைத்தது 1897இல், செக்கந்தராபாத்தில், ரொனால்ட் ரோஸ் நுளம்பின் வயிற்றில் கிருமியைக் கண்டபோது. ரோஸ் அத்தோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் கணிதத்தில் இறங்கி, கடைசி நுளம்பு வரை கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாக அற்றுப்போகும் என்று காட்டினார். வைத்தியர் ஒருவர் கூட்டல் பெருக்கல் போட்டு நோயை விரட்டப் பார்த்தது அன்று பலருக்கு விளங்கவில்லை.

எமது நாட்டில் கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது. மலேரியாவுக்கு எதிரான இயக்கம் 1911இல் குருநாகலில் ஆரம்பமாயிற்று. காய்ச்சலை எப்படி எண்ணுவது என்பது அன்றைய பெரிய சிக்கல். காட்டோர ஊர்களில் காய்ச்சல் வந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை; வேப்பம்பட்டையை அவித்துக் குடித்துவிட்டுப் படுப்பான். ஆகவே அவர்கள் பிள்ளைகளின் வயிற்றை எண்ணினார்கள். திரும்பத் திரும்ப மலேரியா வந்தால் மண்ணீரல் வீங்கும். எங்கள் பெண்கள் அதைக் காய்ச்சற்கட்டி என்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவின் கீழே விரல் வைத்துப் பார்த்து, நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கட்டி என்று எழுதினால் அந்த ஊரின் மலேரியா அளவு கிடைத்துவிடும். ஐம்பதுகளில் என் வயிற்றிலும் ஓர் உத்தியோகத்தர் விரல் வைத்திருக்கிறார். குளிர்ந்த விரல். எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு அடக்க முடியவில்லை. வாத்தியார் பிரம்பை ஓங்கினார். உத்தியோகத்தர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்தவனிடம் போய்விட்டார். ஆஸ்பத்திரியும் பரிசோதனைச் சாலையும் இல்லாத இடத்தில் ஒரு விரலையும் ஒரு பென்சிலையும் கொண்டு ஊரின் நோயை அளந்த அந்த ஏற்பாட்டை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்புத்தான்.

1920களில் எச். எப். காட்டர் என்ற பூச்சியியலாளர் எமது நாட்டு மலேரியாவின் முக்கிய வாகனம் எந்த நுளம்பு என்று நிறுவினார். அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்பது அதன் பெயர். அது சாக்கடையில் பிறப்பதில்லை. வெயில் படுகிற தெளிந்த தண்ணீர்க் குட்டைகளே அதற்குப் பிடிக்கும். ஆறு வற்றி மணலுக்கிடையே தங்கிய தண்ணீர், பாறைக் குழி, கலிங்கின் கீழே தேங்கியது, இப்படி. பொழுது பட்டபின் வீட்டுக்குள் வந்து கடித்துவிட்டுச் சுவரில் இளைப்பாறும்.

இதை வைத்துக்கொண்டு 1934ஐப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் குட்டை குட்டையாக உடைந்து நின்றன. வருஷ முடிவில் காய்ச்சல் கிளம்பி அடுத்த வருஷத்துக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அன்று நாட்டின் குடிசனம் 55 இலட்சம் அளவுதான். கேகாலை, குருநாகல் பகுதிகளில் வீடு வீடாகப் படுத்தார்கள். வற்றாத ஆறும் வளமான தோட்டமும் உள்ள ஈரவலயத்திலே கொள்ளைநோய். காலமெல்லாம் காய்ச்சலுக்குப் பேர்போன எமது வரண்டவலயத்திலே அந்த அளவு சாவு இல்லை. இது எப்படி?

விடை கசப்பானது. வரண்டவலயத்தில் காய்ச்சல் வருஷா வருஷம் வந்தது. அதைத் தாங்காத பிள்ளைகள் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். தாங்கியவர்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருந்தது. ஈரவலயத்தாருக்கு அது இல்லை. அவர்களுடைய சாவு ஒரே வருஷத்தில் வந்ததால் நாடு அதிர்ந்தது, அறிக்கைகள் எழுந்தன, பஞ்சாப்பில் அனுபவப்பட்ட சி. ஏ. கில் வரவழைக்கப்பட்டார்; சுகாதாரப் பணிப்பாளர் பிறையர்கிளிஃப் தனியாக எழுதினார். சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு போனார்கள், என். எம். பெரேராவையும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவையும் கிராம மக்கள் அறிந்தது அப்படித்தான். எங்கள் பக்கத்துச் சாவு வருஷத்துக்கு வருஷம், வட்டைக்கு வட்டை, ஒன்று இரண்டாக நடந்தது. அதற்கு அறிக்கை எழுதுவார் இல்லை. என் காக்கா அந்தக் கணக்கில் ஒருவர்.

அவர் போன மறுவருஷம், 1946இல், டி.டி.ரி. தெளிப்பு நாடளாவத் தொடங்கியது. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு 1947இல் 14க்கு இறங்கியது. உலகமே இலங்கையைச் சுட்டிக்காட்டியது. இதன் பிறகு நடந்த வாதம் சுவாரசியமானது. 1965இல் பீற்றர் நியூமன் என்ற பொருளியலாளரின் நூலை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரக் கல்விக்கூடம் வெளியிட்டது. யுத்தத்துக்குப் பின் இலங்கையில் இறப்பு வீழ்ந்ததில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு மலேரியா ஒழிந்ததால் என்று அவர் கணக்கிட்டார். எமது நாட்டவரான எஸ். ஏ. மீகம 1967இல் மறுத்தார். மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் இறப்பு இறங்கியிருக்கிறதே, உணவு விநியோகமும் ஆஸ்பத்திரிகளும் செய்த வேலையை எங்கே போடுவது என்று கேட்டார். 1974இல் ஆர். எச். கிறே மீண்டும் கணக்குப் பார்த்து, மலேரியாவின் பங்கு கால்வாசி அளவுதான் என்றார். இந்தக் கணக்குகளில் பாடசாலைப் பிள்ளைகளின் மண்ணீரல் எண்ணிக்கை பெரிய ஆதாரமாக நின்றது. வரிசையில் நின்று கூச்சத்தில் நெளிந்த பிள்ளைகளின் வயிறு, பல்கலைக்கழகங்களில் இப்படி வாதத்துக்குரிய பொருளாயிற்று. எனக்கு மீகமவின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஒரு மருந்து நாட்டைக் காப்பாற்றியது என்ற கதை கேட்க இனிமையானது; இனிமையான கதைகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே கேட்பேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறேன். நூற்றாண்டுகளாகக் காட்டுக்கு வேலியாக நின்றது இந்தக் காய்ச்சல்தான். வேலி விழுந்தபின் 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது, காடு வயலாயிற்று, புதிய குடியேற்றங்கள் எழுந்தன, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. காணி யாருக்கு என்ற வழக்கு எமது பகுதியில் இன்றும் ஓயவில்லை. அந்த வழக்கின் தொடக்கத்தில் ஒரு நுளம்பும் நிற்கிறது.

தெளிப்புக்காரர் வருகிற நாள் எங்கள் தெருவில் பெருநாள் மாதிரி. சட்டி பானை, பாய், குர்ஆன் வைத்த பலகை, கோழிக் கூடு எல்லாம் முற்றத்துக்கு வரும். தெளித்துவிட்டுக் கதவின் பின்புறம் சோக்குக்கட்டியால் திகதி எழுதிவிட்டுப் போவார்கள். வெள்ளைப் பொடி சுவரில் பூத்து நிற்கும். உம்மாவுக்கு அது அழகாகத் தெரியவில்லை. பெருநாளுக்கு முன் சுவரைப் புதிதாய் மெழுகிவிடுவார். நூற்றுக்கணக்கான வீடுகளில் இதுதான் நடந்தது. சுவரில் இளைப்பாற வருகிற நுளம்புக்கு வைத்த நஞ்சைப் பெண்கள் மெழுகி மூடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கவும் யாராவது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்த வரைபடத்தில் அது தெரியாது.

1963இல் முழு நாட்டிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். பதினேழே பேர்! தெளிப்பை நிறுத்தினார்கள். இரத்தம் எடுத்துப் பார்ப்பதிலும் கை தளர்ந்தது. 1967இல் காய்ச்சல் திரும்பி, 1969 முடிவதற்குள் இலட்சக் கணக்கானோரைப் படுக்கவைத்தது. எனக்கும் அந்த முறை வந்தது. ஒருநாள் நடுக்கம், ஒருநாள் சுகம். சுகமான நாளில் எழுந்து நடந்தால் எல்லாம் கனவுபோல இருக்கும். மூன்றாம் நாள் பகலில் மறுபடி பல்லுக்குப் பல் அடிக்கும். இரண்டு போர்வைக்கு மேல் உம்மா சாக்கையும் போட்டு, என்மேல் சாய்ந்து படுத்துக்கொண்டார். அப்போதும் கேட்டார், “பின்னேரம் எங்கயும் குளிச்சியா?” என்று. டி.டி.ரி.க்கு நுளம்பு பழகிப்போயிருந்தது. 1977இல் மலத்தியன் வந்தது. அதன் நாற்றத்துக்குப் பயந்து சிலர் கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு.

இனி மருமகன் கொண்டுவந்த பிரதிக்கு வருகிறேன்.

கொழும்பு மருத்துவபீடத்தில் பேராசிரியை காமினி மெண்டிஸ் மலேரியா ஆராய்ச்சிக்கென ஒரு குழுவைக் கட்டியெழுப்பியிருந்தார். அந்தக் குழு 1980களின் பிற்பகுதியில் கதிர்காமப் பகுதிக் கிராமங்களில் தங்கி வேலை செய்தது. அவர்களின் கட்டுரை 1991இல் அமெரிக்க வெப்பவலய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. அவர்கள் செய்தது பெரிய மாயவித்தை அல்ல. கிராமத்து வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். சுவர் முழுச் சுவரா, அரைச் சுவரா, மண்ணா, கல்லா, கிடுகா? கூரை ஓடா, ஓலையா? உள்ளே எத்தனை பேர்? யாருக்கு எப்போது காய்ச்சல்? வீட்டுக்குள் பிடிபட்ட நுளம்பு எத்தனை? பிறகு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

காய்ச்சல் கிராமத்தில் சமமாகப் பரவியிருக்கவில்லை. சில வீடுகளில் திரும்பத் திரும்ப வந்தது. சில வீடுகளை எட்டிப் பார்க்கவில்லை. முற்றாக எழுப்பாத மண்சுவரும் கிடுகுமாக இருந்த வீடுகளில் வாழ்ந்தோருக்கு, கல்லால் கட்டிப் பூசி ஓடு போட்ட வீட்டாரைவிட இரண்டு மடங்கு அளவில் மலேரியா வந்திருந்தது. நுளம்பும் அந்த வீடுகளுக்குள்ளேதான் அதிகம். பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே காற்று, ஒரே ஆறு. வித்தியாசம் சுவரில் இருந்தது.

சில வருஷம் கழித்து மொனராகலையில் செய்த இன்னொரு ஆய்வு இதை மேலும் ஒரு படி கொண்டுபோயிற்று. அந்த ஏழைகளின் வீடுகளைத் திருத்திக் கட்டிக் கொடுத்தால், அரசாங்கம் மலேரியாவுக்குச் செலவிடும் பணம் மிச்சப்பட்டுச் சில வருஷங்களில் அந்தச் செலவு ஈடாகிவிடும் என்று கணக்குக் காட்டினார்கள். வைத்தியர்கள் மருந்துச் சீட்டில் கல்லும் சீமெந்தும் எழுதிய மாதிரி எனக்குத் தோன்றிற்று. எழுதினார்கள் என்பது சரி. மருந்தை யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் திண்ணையில் உட்கார்ந்து மருமகன் அந்தப் பிரதியை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். உம்மா உள்ளே பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓர் ஆசை எழுந்தது. அவரை வெளியே கூப்பிட்டு இருத்தினேன். “உம்மா, காக்காவுக்குக் குளிச்சதால வந்ததில்ல. மலேரியாவுக்கும் குளத்துத் தண்ணிர குளிருக்கும் சம்பந்தமில்ல. இவன் படிக்கிற இடத்தில வீடு வீடாப் பாத்து எழுதியிருக்காங்க. செவர் இல்லாத வீட்டிலதான் நுளம்பு உள்ள வருது. புரையில அரைச் செவர்தானே இருந்த? அதனாலதான்” என்றேன். மருமகனும், “ஓம் உம்மம்மா, பிள்ளையக் குளிப்பாட்டினதால ஒண்டுமில்ல” என்றான்.

உம்மா பாக்குரலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். நாற்பத்தெட்டு வருஷத்துச் சுமை இறங்கப் போகிறது என்று நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப அந்தச் செவர முழுசா வெக்காத ஆரு? ஒங்கட வாப்பாதானே?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாப்பா மௌத்தாகிப் பத்து வருஷம். ஒருவர் தலையிலிருந்த பழியை இறக்கி, கபுறில் கிடக்கிறவர் தலையில் வைத்துவிட்டேனே! அவசரமாக, “யானைக்காக உம்மா. முழுச் செவர் வெச்சா யானை வாறது தெரியாதே. புரையில எல்லாரும் அப்படித்தானே வெப்பாங்க” என்றேன்.

“ஓம், ஆன வரும்தான்” என்றார் உம்மா. எழுந்து உள்ளே போனார். பாக்கு இடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது. மருமகன் பிரதியை மடித்து வைத்தான். அவனுடைய படிவத்தில் சுவருக்கு இடமிருந்தது. சுவர் ஏன் அரையாக நின்றது என்பதற்கு இடமிருந்ததா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் உம்மா பின்னேரக் குளிப்பைத் தடுத்தார். ஆனால் காரணம் சொல்லுவதை விட்டுவிட்டார்.

பல்கலைக்கழகத்தாரின் எண்ணும் வேலை பின்னர் வீட்டிலிருந்து வகுப்பறைக்கும் போயிற்று. மலேரியாப் பகுதியில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியாருக்குத் தடுப்பாகக் குளோரோகுயினும், மற்றவர்களுக்கு வெறும் குளிகையும் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது. 2006இல் வெளியான முடிவில், மருந்து பெற்ற பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் தெளிவாகக் கூடிய புள்ளி எடுத்திருந்தார்கள். முப்பது வருஷம் ஆசிரியனாக இருந்தவன் நான். கடைசி வாங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்த எத்தனை வட்டையோரப் பிள்ளைகளை மொட்டைத் தலை, மந்தப் புத்தி என்று ஏசியிருக்கிறேன்! அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

யுத்த வருஷங்களில் வட கிழக்கில் எண்ணுவதே பெரும்பாடாக இருந்தது. சாகாமத்து வயல்களுக்குப் போக முடியாத போகங்கள் பல. 1999இல் நாட்டில் பதிவானோர் 264,000க்கு மேல். பதிவாகாதோர் எம்மைப் போன்ற மாவட்டங்களில்தான் கூடுதலாக இருந்திருப்பார்கள். ஆனாலும் மலேரியா இயக்கத்து ஊழியர்கள் நடமாடும் சிகிச்சைக் குழுக்களாகவும், தொண்டர்களாகவும் கண்ணாடித் தகட்டையும் ஊசியையும் தூக்கிக்கொண்டு இரு பக்கக் காவலரண்களையும் தாண்டிப் போனார்கள். மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வந்தன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. உம்மா அந்தச் செய்தியைக் கேட்க இருக்கவில்லை.

பதினேழு பேரை எண்ணிவிட்டுத் தூங்கிய பாடம் இம்முறை மறக்கப்படவில்லை போலிருக்கிறது. 2018 முடிவில் மொனராகலையில் ஒருவருக்கு மலேரியா கண்டது. வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து எமது நாட்டு நுளம்பு அதைக் கடத்தியிருந்தது. தேடிப் பிடித்து அங்கேயே நிறுத்தினார்கள். இதற்கிடையில் புதிய விருந்தாளி ஒன்றும் வந்துவிட்டது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நகரத்து நுளம்பை 2016இன் இறுதியில் மன்னாரில் கண்டார்கள். இது ஆற்றுக் குட்டையை நம்பியிருப்பதில்லை. கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பிறக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சுரேந்திரனும் அவரது மாணவர்களும் அது வட மாகாணத்தில் பரவும் விதத்தையும், கரையோர உவர்நீரிலும் நுளம்பு பிறக்கப் பழகுவதையும் ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். கிணறும் உவர்நீரும் என்றால் எங்கள் கரையோர ஊர்கள் நினைவுக்கு வராமல் எப்படி?

போன வருஷம் இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக் கிணற்றைப் பார்க்க வந்தார்கள். கயிற்றில் கட்டிய வலையை இறக்கி, எடுத்த தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிக் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு ஒருவர் படிவத்தை விரித்து, வீட்டில் எத்தனை பேர், யாராவது வெளிநாடு போய் வந்தார்களா, யாருக்காவது காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்.

“வந்தது. என் காக்காவுக்கு” என்றேன்.

“எப்ப சேர்?” என்று பேனையைத் தூக்கினார்.

“1945இல். சாகாமத்தில்.”

பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தார். பேனை படிவத்தின் மேலே நின்றது. “அது இதில வராது சேர்” என்றார் மெதுவாக. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். பக்கத்து வளவில் இன்னும் மூன்று கிணறு இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள்.